பதினொரு மணிப் பந்தி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் உங்கள் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். கோவையில் புது வீட்டுக்குக் குடிவந்து பால் காய்ச்சியபோது யாரையும் கூப்பிட முடியவில்லை. அந்தக் குறை தீர, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலக நண்பர்களைக் குடும்பத்தோடு அழைக்கப்போகிறீர்கள். உங்களையும் சேர்த்துப் பெரியவர்கள் எட்டுப் பேர், குழந்தைகள் மூன்று. வீட்டில் இரண்டு பர்னர் அடுப்பு, ஆறு பேர் உட்காரும் மேசை. “எளிமையா ஒரு மெனு சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, கீழே நீங்களே ஒரு பட்டியலும் போட்டிருக்கிறீர்கள். பூரி கிழங்கு, பொங்கல், மெதுவடை, நெய்த் தோசை, சாம்பார், இரண்டு சட்னி, வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, கேசரி, பால் பாயசம், ஐஸ்கிரீம்.

இதில் எளிமை எங்கே இருக்கிறது, தம்பி? கல்யாண மண்டபத்துக் காலை டிபனும் முகூர்த்தச் சாப்பாடும் ஒரே இலையில் வந்து விழுந்த மாதிரி அல்லவா இருக்கிறது! மண்டபத்தில் அதைச் செய்ய ஒரு மாஸ்டரும் அவருக்குக் கீழே ஆட்களும் விடிவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் இருப்பது நீங்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவர் வாசலுக்குப் போய்ச் செருப்பு எங்கே விடுவது, லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

இதே மாதிரிக் கேள்வியோடு வேறு சிலரும் எழுதியிருப்பதால் உங்களுக்குத் தனியாக எழுதாமல் இதழிலேயே பதில் எழுதுகிறேன். உங்கள் மாமியார் “ஏழு அயிட்டமாவது இல்லாட்டி என்ன விருந்து?” என்று கேட்டதாக எழுதியிருப்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் பிரஞ்ச் என்று எழுதியிருக்கும் இந்த இரண்டுங்கெட்டான் நேரத்துச் சாப்பாட்டுக்காக முதலில் எழுத்தில் வாதாடியவர் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர். 1895-இல் ‘ஹன்டர்ஸ் வீக்லி’ என்ற இதழில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்வந்து கனத்த இறைச்சிச் சாப்பாட்டில் உட்காருவதற்குப் பதிலாக, மதியத்தை ஒட்டி டீ, காபி என்று லேசாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கனமானவற்றுக்குப் போகலாம். சனி இரவு நேரங்கழித்துப் படுத்தவர்களும் நிம்மதியாக எழுந்துவரலாம். மனிதர்கள் கலகலப்பாகப் பேசுவார்கள் என்பது அவர் கட்சி. நம் ஊருக்கும் அந்த நேரம் புதிதல்ல. காட்டில் ஏரோட்டியவர்களுக்குக் கம்மங்கூழோ பழைய சோறோ தூக்குப்போசியில் போய்ச் சேர்வது வெயில் ஏறிய பிறகுதான். சென்னையில் ஆபீசுக்குப் போன பழைய தலைமுறை ஒன்பது, ஒன்பதரைக்கே ரசம் மோர் வரை முழுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் டிபனைத் தேடியது. ஆக, நேரம் பிரச்சினை இல்லை. அந்த நேரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறோமா, இரண்டு வேளையா என்று முடிவு செய்யாமல் விடுவதுதான் பிரச்சினை. உங்கள் பட்டியல் இரண்டு வேளை.

முதலில் அழைப்பைச் சரிசெய்யுங்கள். “ஞாயித்துக்கெழம காலைல வாங்க” என்று மட்டும் சொன்னால், வருகிறவர்கள் எட்டு மணிக்கே நாலு இட்லியை முடித்துக்கொண்டு வந்து, “சாப்புட்டுட்டுத்தானுங்க வந்தோம்” என்று சோபாவில் உட்காருவார்கள். நம் ஆட்கள் விருந்துக்குப் போகும்போதும் ஒரு முன்ஜாக்கிரதையோடுதான் போவார்கள். அங்கே எத்தனை மணிக்கு இலை போடுவார்களோ என்ற பயம். இன்னொரு கூட்டம் ஒன்றுமே சாப்பிடாமல் வந்து, பதினோரு மணிக்குக் கண் இருட்டிப்போய் நிற்கும். ஆகவே தொலைபேசியில் தெளிவாகவே சொல்லிவிடுங்கள்: “காலைல ஒரு காபியோட வந்துருங்க, பதினோரு மணிக்குச் சாப்பாடு, மதியத்துக்கும் அதுதான்.” இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அப்படியே இன்னும் இரண்டு கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது மாலை போட்டிருக்கிறார்களா, புரட்டாசி விரதமா, வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்களா? வருகிறவர்களில் சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுத்துக்கொள்ளும் பெரியவர் உண்டா? அவர்களால் பதினொன்று வரை வெறும் வயிற்றோடு இருக்க முடியாது. காலையில் வீட்டில் வழக்கம்போல் கொஞ்சம் சாப்பிட்டு வரச் சொல்லுங்கள். இங்கே வந்து அவர்கள் குறைவாகச் சாப்பிட்டால் வற்புறுத்தவும் செய்யாதீர்கள்.

இனி உங்கள் பட்டியல். பதார்த்தங்களை நான் ருசியை வைத்துப் பிரிப்பதில்லை, காத்திருக்குமா என்று பார்த்துப் பிரிப்பேன். பத்தரை என்று சொன்னால் பத்தேகாலுக்கு ஒரு குடும்பம் வரும், பதினொன்றேகாலுக்கு ஒரு குடும்பம் வரும். அந்த ஒரு மணி நேரம் சும்மா இருக்கத் தெரிந்த பண்டம்தான் வீட்டு விருந்துக்கு ஆகும்.

பூரி காத்திருக்காது. எண்ணெயிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் அமுங்கி, அடுத்த சில நிமிடங்களில் தோலாகிவிடும். தோசையும் அப்படியே. ஒரு தோசைக்கு 2 நிமிடம் என்று வையுங்கள், ஆளுக்கு இரண்டு, பதினொரு பேர். முக்கால் மணி நேரம் ஒருவர் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கடிதம் எழுதிய நீங்களாக இருக்க மாட்டீர்கள். மெதுவடையைச் சுடச்சுடப் போட்டால்தான் அது மெதுவடை. பிரியாணி காத்திருக்கும், ஆனால் பதினோரு மணிக்குப் பிரியாணி வந்தால் மற்ற எதையும் யாரும் தொட மாட்டார்கள், அப்புறம் மற்றதெல்லாம் எதற்கு? பொங்கல் நல்ல பண்டம். அதற்கு மாற்றாக வேறொன்றைச் சொல்லப்போகிறேன், அதனால் அடித்துவிடுகிறேன். பாயசம், கேசரி, ஐஸ்கிரீம் மூன்றில் ஒன்றும் வேண்டாம்; இனிப்பை வாங்கிக்கொள்ளலாம்.

மிச்சம் என்ன என்று கேட்கிறீர்களா? இட்லி, அதற்கு ஒரு குருமா, ஒரு காரச் சட்னி, பொடி. அரிசிம்பருப்புச் சாதம். தயிர்வடை. கடையில் வாங்கிய ஒப்புட்டும் நேந்திரங்காய் சிப்ஸும். முதலில் இளநீர், கடைசியில் காபி. அவ்வளவுதான். மாமியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் ஏழுக்கு மேலேயே வரும்.

இட்லியிலிருந்து தொடங்குவோம். “மாவைக் கடையில் வாங்கலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். வெட் கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறோமே என்ற கூச்சமாக இருக்கும். தாராளமாக வாங்குங்கள். வழக்கமாக வாங்குகிற கடையிலேயே வாங்குங்கள். விருந்தன்றைக்குப் புதுக் கடையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை மாலை வாங்கி, புளிப்பு ஏறியிருந்தால் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஞாயிறு காலை எட்டரைக்கு வெளியே எடுத்துக் குளிர் போன பிறகு ஊற்றுங்கள். சொந்தமாக அரைப்பதென்றால், மார்கழி தை மாதக் கோவைக் குளிரில் மாவு பொங்கச் சென்னையைவிட நேரம் எடுக்கும் என்பதை மறக்காமல் சனிக்கிழமை மதியத்துக்குள்ளேயே அரைத்து, கையால் கலந்து வைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு மூன்று, குழந்தைகளுக்கு இரண்டு என்று 30 இட்லி போதும். பதினாறு குழித் தட்டில் இரண்டு ஈடு. ஈரத்துணி விரித்த ஹாட் பாக்சில் அடுக்கினால் ஒரு மணி நேரம் மெத்தென்றே இருக்கும். துணி இல்லாமல் மூடினால் மூடியில் கோத்த நீர் சொட்டி மேல் இட்லி நசநசத்துப் போகும்.

இட்லிக்குச் சாம்பார் வேண்டாம் என்றது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பக்கத்திலேயே பருப்புப் போட்ட சாதம் வரப்போகிறது. பருப்புக்குப் பருப்பு துணை எதற்கு? தக்காளிக் குருமா வையுங்கள். சோம்பு, கசகசா, தேங்காய், பொட்டுக்கடலை அரைத்துவிட்டு, காரம் மட்டாக. காரம் வேண்டுகிறவர்களுக்கு வெங்காயமும் வரமிளகாயும் வதக்கி அரைத்த சட்னி இருக்கிறது. அதைச் சனி இரவே அரைத்து நல்லெண்ணெயில் சுருள வதக்கி வைத்துவிடலாம், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். தேங்காய்ச் சட்னியை நான் சொல்லவில்லை. வெயில் நேரத்தில் மேசையில் ஒரு மணி நேரம் இருந்தாலே அதன் முகம் மாறிவிடும்.

இப்போது அரிசிம்பருப்பு. கொங்கு நாட்டு வீடுகளில் ‘ஒண்ணும் செய்யத் தோணல’ என்கிற நாளில் செய்வது. அதனாலேயே விருந்தாளிக்கு வைக்கக் கூச்சப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கூச்சம் புரிவதே இல்லை. உங்கள் அலுவலகத்தில் சென்னைக்காரரும் மலையாளியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; பிரியாணி அவர்களுக்கு எந்தத் தெருவிலும் கிடைக்கும், இது உங்கள் வீட்டில்தான் கிடைக்கும். காலைக்கும் மதியத்துக்கும் நடுவே நிற்க இதைவிடப் பொருத்தமான பண்டம் எனக்குத் தெரியவில்லை. பொங்கலைப் போலக் கண்ணைச் சொருக வைக்காது, குழம்புச் சாதத்தைப் போல இலை நிறையப் பக்கவாத்தியமும் கேட்காது.

பதினொரு பேருக்கு, இட்லியும் இருப்பதால், 500 கிராம் பொன்னிப் புழுங்கலரிசிக்கு 125 கிராம் துவரம்பருப்பு போதும். இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பெரிய குக்கரில் கடலெண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் சீரகம், தட்டிய மிளகு, கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை. அடுத்தது சின்ன வெங்காயம், 250 கிராம் வரை தாராளமாகவே. பாதியை நறுக்கியும் பாதியை முழுசாகவும் போடுங்கள்; நறுக்கியது கரைந்து சாதத்தோடு போய்விடும், முழுசாகக் கிடப்பது வாயில் அகப்படும்போது ஒரு இனிப்புத் தரும். பூண்டு பத்துப் பல், தக்காளி மூன்று, மஞ்சள்தூள், உப்பு. அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு டம்ளர் என்றால் தண்ணீர் மூன்று டம்ளர். மூன்று விசில் வந்ததும் இறக்கி, ஆவி தானாக அடங்கும்வரை விட்டுவிடுங்கள். மூடியைத் திறந்ததும் உதிரி உதிரியாக இருந்தால் அது சரியில்லை. கரண்டியில் எடுத்தால் தளர்ந்து விழ வேண்டும். ஆற ஆற இறுகும் என்பதால் பக்கத்தில் ஒரு செம்பு வெந்நீர் தயாராக இருக்கட்டும், பரிமாறும் முன் ஒரு கரண்டி விட்டுக் கிளறினால் பழைய பதம் வந்துவிடும். ஊத்துக்குளிப் பக்கத்து நெய் கிடைத்தால் உருக்கி ஒரு கிண்ணத்தில் மேசையில் வையுங்கள். சாதத்துக்குள்ளேயே ஊற்றிவிடாதீர்கள், நெய் வேண்டாம் என்கிறவர்கள் இந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்கள்.

இதற்குத் தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும் சிப்ஸும் போதும். பாலக்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர் நீங்கள். சிப்ஸ் கடை எங்கே என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தயிர்வடைக்கு வருகிறேன். இந்த விருந்தில் நீங்கள் கை வலிக்கச் செய்யப்போவது இது ஒன்றுதான், அதையும் முதல்நாளே செய்துவிடப்போகிறீர்கள். இட்லியிலும் உளுந்து, வடையிலும் உளுந்தா என்று கூர்மையான வாசகர் ஒருவர் கேட்பார். கேட்கட்டும். குளிர்ந்த தயிரில் ஊறிய வடைக்கும் ஆவி பறக்கும் இட்லிக்கும் நாக்கில் எந்த உறவும் இல்லை.

தோல் நீக்கிய முழு உளுந்து 250 கிராம், சனி மதியம் ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். வடிகட்டி, தண்ணீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அரையுங்கள். மாவில் ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை, மேலும் ஐந்து நிமிடம் ஓடட்டும். எண்ணெய் காய்ந்த பிறகுதான் மாவில் உப்பைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டுவைத்தால் மாவு நீர்த்துக்கொண்டு, வடை எண்ணெயைக் குடிக்கும். சற்றுச் சின்னதாகத் தட்டினால் இருபது வடை வரை வரும். ஆறவிட்டு மூடி வைத்துவிடுங்கள். சமையலறையைச் சுற்றிவரும் கை ஒன்றிரண்டை எடுக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த வடைகளை வெந்நீரில் போடுங்கள். இரவெல்லாம் இறுகிக் கிடந்தவை பத்து நிமிடத்தில் ஊறிப் பருத்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, உடையாதபடி மெல்ல அழுத்துங்கள். நீரோடு எண்ணெயும் கொஞ்சம் வழிந்து வெளியே வரும். தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, நாலு முந்திரி சேர்த்து நைசாக அரைத்து, 1 லிட்டர் புளிக்காத தயிரில் கலந்து, ஒரு டம்ளர் பாலும் சேருங்கள். பால் சேர்ந்தால் மதியம்வரை புளிப்பு ஏறாது. வடையை அதில் இறக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பத்து மணிக்குப் பார்த்தால் தயிர் பாதி காணாமல் போயிருக்கும். அதற்காகவே கொஞ்சம் தயிரைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும், மேலே ஊற்ற. துருவிய கேரட், கொத்தமல்லி தூவலாம். காராபூந்தியை மட்டும் பரிமாறும்போது தூவுங்கள், முன்னாலேயே தூவினால் ஊறிச் சொதசொதத்துவிடும்.

கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையா என்று கேட்கிற விருந்தாளிகள் உங்களுக்கும் இருப்பார்கள். கேட்பவர்கள் மேல் தப்பில்லை; தமிழ்நாட்டில் பாதித் தெருவுக்கு ஞாயிறு காலை என்பது கறிக்கடை வரிசைதான். வைப்பதென்றால் ஒன்றே ஒன்று வையுங்கள்: நாட்டுக்கோழிக் குழம்பு. சனி இரவே வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டால் மசாலா இறங்கி முதல்நாளைவிட ருசியாக இருக்கும். இட்லிக்கும் ஆகும், அரிசிம்பருப்புக்கும் ஆகும். அதற்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, மேசையின் மறு ஓரம். சைவக்காரர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் குருமாக் கரண்டி கோழிக் குழம்புக்குள் போய்வந்ததைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் சாப்பாடு தயிரோடு முடிந்துவிடும். வறுவல், சுக்கா, முட்டை மசாலா என்று நீட்டிக்கொண்டே போனால் மறுபடியும் மண்டபத்துக்கே போய்விடுவோம்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசிம்பருப்பு உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் உங்கள் ஊர்ப் பண்டத்தையே அந்த இடத்தில் வையுங்கள். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதி இருக்கிறது. மறுவீட்டு விருந்தில் வைப்பதை இடியாப்பத்தோடும் இஞ்சிப் பச்சடியோடும் பதினோரு மணிக்கு வைத்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கும்பகோணத்துக்காரர்களுக்கு இட்லியோடு கடப்பா போதும், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது, அதுவே வயிறு நிறைக்கும். மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லியை டம்ளரில் வேகவைத்து வில்லை வில்லையாக நறுக்கிவைத்தால் ஆறினாலும் ருசிதான். எதை வைத்தாலும் அது ஒரு மணி நேரம் காத்திருக்குமா என்று மட்டும் பாருங்கள்.

சனிக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போய்வாருங்கள். ஆர்.எஸ்.புரமோ சிங்காநல்லூரோ, எது பக்கமோ அது. சின்ன வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, பழம். வெங்காயம் உரிப்பது உங்கள் வேலை, தம்பி. சனி இரவு டிவிக்கு முன்னால் ஒரு தட்டோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஒப்புட்டும் சிப்ஸும் அன்று மாலை வாங்கிவிடலாம். மற்றபடி குருமாவுக்கு வேண்டியதை நறுக்கி வைப்பது, தட்டு டம்ளர்களை எண்ணி வைப்பது, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வடை தயிருக்குள் போய்விட்டது. எட்டரைக்குக் குருமா ஒரு அடுப்பில், கோழி உண்டென்றால் இன்னொன்றில். ஒன்பதரைக்கு ஒரு பக்கம் இட்லி, மறுபக்கம் அரிசிம்பருப்பு. பத்தே காலுக்கு இரண்டு அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் மெனுவில் ஒன்று கூடிப்போயிற்று என்று அர்த்தம். உங்கள் மனைவி குளித்து, நல்ல புடவையோ சுடிதாரோ மாற்றிக்கொண்டு, வருகிறவர்களை வாசலில் வரவேற்கிற இடத்தில் இருக்க வேண்டும். முந்தானையில் கை துடைத்தபடி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து “வாங்க வாங்க” என்று சொல்கிற பழைய வழக்கம் உங்கள் வீட்டில் தொடங்காமலே இருக்கட்டும்.

வந்தவுடன் காபி கொடுக்காதீர்கள் என்று நான் சொன்னால் கோவைக்காரர்கள் அடிக்க வருவார்கள். காரணத்தைக் கேட்டுவிட்டு அடிக்கட்டும். நாலு குடும்பம் நாலு நேரத்தில் வரும். ஒவ்வொருவருக்கும் பால் சுடவைத்துக் கலந்து கொடுத்தால், பத்தேகாலிலிருந்து பதினொன்றேகால் வரை ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டியதுதான். குடித்தவர்களுக்கோ அரை மணி நேரத்துக்குப் பசி மந்தித்துவிடும். அதற்குப் பதில் பொள்ளாச்சி இளநீரை இறக்கி ஒரு ஜாடியில் குளிரவைத்து, டம்ளர்களோடு கூடத்தில் வைத்துவிடுங்கள். நீர்மோர் என்றாலும் சரி. கூடவே தோலோடு வேகவைத்த நிலக்கடலை ஒரு தட்டு. உரித்துத் தின்று கொண்டிருக்கும்போது புதிதாகச் சந்திக்கிறவர்களும் பேசிவிடுவார்கள். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குக் கூச்சம் போய்விடும். வயதான ஒருவர் காபி கேட்டால் மட்டும் மறுக்காமல் கலந்து கொடுங்கள்.

பரிமாறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். பாத்திரங்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு “எடுத்துப் போட்டுச் சாப்புடுங்க” என்று சொன்னால் நம் விருந்தாளி எடுக்க மாட்டார். ஒரு இட்லியை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவார். “போதுங்க” என்பது அவர் சொல்கிற முதல் பதில்தான். இரண்டாம் முறை கேட்டால்தான் உண்மைப் பதில் வரும். அதனால் முதல் சுற்றை நீங்கள் இருவரும் கையால் பரிமாறுங்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் மேசையில் உட்காரவையுங்கள், மற்றவர்கள் கூடத்தில் பாக்குமட்டைத் தட்டோடு உட்காரட்டும். எல்லாத் தட்டிலும் எல்லாமும் ஒருமுறை விழுந்த பிறகு நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்காருங்கள். வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அவர்களாகவே எழுந்து போய் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் நின்றுகொண்டே இருந்தால் அவர்களும் அவசரமாகக் கை கழுவிவிடுவார்கள்.

குழந்தைகளுக்கு என்று தனியாக நூடுல்ஸ் செய்ய வேண்டாம். இட்லியைப் பிட்டு நெய்யும் சர்க்கரையும் தொட்டுக் கொடுங்கள், பக்கத்தில் இரண்டு சிப்ஸ். அதற்கும் முகம் சுளிக்கிற குழந்தைக்கு வாழைப்பழம் இருக்கிறது.

மாமியார் சொன்னதில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். விருந்தில் எதுவும் தீர்ந்துபோகக் கூடாது. பத்துப் பண்டம் வைத்து ஒவ்வொன்றும் பற்றாமல் போவதைவிட, நாலு பண்டம் வைத்து நாலும் மிஞ்சுவது மேல். எதிர்பாராமல் இரண்டு பேர் கூடுதலாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று பதற வேண்டாம். டப்பாவில் வறுத்த ரவை இருக்கட்டும். உப்புமாவை எத்தனை கேலி செய்தாலும் பத்து நிமிடத்தில் மானத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

கடைசியாகக் காபி. மெனுவில் காத்திருக்காத பண்டம் இது ஒன்று மட்டும் இருக்கலாம். பத்தேகாலுக்கு அடுப்பை அணைக்கும் முன்பே பெரிய பில்டரில் 80 கிராம் பொடி போட்டு, கொதித்து இறங்கிய தண்ணீர் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி மூடிவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு முடிப்பதற்குள் எட்டுப் பேருக்கும் போதுமான டிகாஷன் இறங்கியிருக்கும். அதைத் திரும்பக் கொதிக்கவைக்காதீர்கள். ஒரு லிட்டர் பாலை அப்போதுதான் காய்ச்சி, அப்போதுதான் கலக்க வேண்டும். சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள். சிறுவாணித் தண்ணீர் உங்கள் குழாயில் வருகிறது என்றால் காபியைப் பற்றி நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காபியோடு ஒப்புட்டை நாலாகக் கிழித்து ஒரு தட்டில் வையுங்கள். முழுசாக வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், துண்டாக வைத்தால் தட்டு காலியாகிவிடும்.

மிஞ்சினால் கொடுத்தனுப்புங்கள். கூட்டத்தில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான், கோழிக் குழம்பு அவனுக்கு. இட்லி மாவு மிஞ்சினால் அது உங்களுக்கு. திங்கட்கிழமை காலை நீங்கள் ஆசைப்பட்ட நெய்த் தோசையை இரண்டு பேருமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா

பி.கு.: கேஸ் சிலிண்டரைச் சனிக்கிழமையே ஒருமுறை அசைத்துப் பார்த்துவிடுங்கள். மாற்றுச் சிலிண்டர் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிடுங்கள். புது வீடு, எப்படியும் கூப்பிட வேண்டியவர்கள்தானே. பன்னிரண்டு, பதிமூன்று பேர் என்றாலும் மேலே சொன்ன அளவு தாங்கும், இட்லி மட்டும் இன்னொரு ஈடு ஊற்றிக்கொள்ளுங்கள்.